ஹலோஜனா, எல்ஈடியா: காரின் விளக்கை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பியவர்கள் நிறையப் பேர். இருக்கிற காரையே இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவோம் என்று அவர்கள் முடிவெடுத்ததால், பத்துப் பன்னிரண்டு வயதான ஆல்டோவும் விட்ஸும் வாகன் ஆரும் கொழும்பு வீதிகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கார்க்காரர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இரவில் வெளிச்சம் போதவில்லை, எல்ஈடி பூட்டலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்ப் எந்தக் கூட்டுக்குள் உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில். காருக்குள் எரியும் விளக்கு, நம்பர் பிளேட், ரிவர்ஸ் லைட் இவற்றுக்கு யோசிக்காமல் எல்ஈடி போடலாம். இழை சூடாகி எரியும் ஹலோஜன் பல்புக்கென்று செய்த ரிஃப்ளெக்டர் ஹெட்லைட்டுக்குள் (பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான வளைந்த கிண்ணம் வெளிச்சத்தை முன்னே தள்ளும் வகை) எல்ஈடி பல்பைச் செருகுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஏன் என்பதையும், அதற்குப் பதில் எங்கே காசைப் போடலாம் என்பதையும் பார்ப்போம்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலாவது தூரம். நகரத்துக்கு வெளியே காருக்கு வேக எல்லை மணிக்கு 70 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வீதியில் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போய், கார் நிற்பதற்குக் காய்ந்த தார் வீதியில் ஏறத்தாழ 60 மீட்டர் வேண்டும். மழையில் 70 மீட்டருக்கும் மேலே போகும். ஆகவே காருக்கு முன்னால் 10 மீட்டரில் பளீரென்று இருப்பதில் பெரிய பயன் இல்லை. 60, 70 மீட்டரில் என்ன தெரிகிறது என்பதுதான் கணக்கு.

இரண்டாவது எதிரில் வருபவரின் கண். நம் வீதிகளில் எதிரே வருபவர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலோ முச்சக்கர வண்டியிலோ வருகிறார். அவர் ஒரு நொடி கண்ணை மூடினால் விழப்போவது அவர்தான். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

மூன்றாவது மழையும் மூடுபனியும். நான்காவது மொத்தச் செலவு. பல்பின் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே. ஐந்தாவது சட்டமும் காப்புறுதியும்.

எரிபொருள் மிச்சமாகும் என்று சிலர் ஆறாவதாக ஒன்று சேர்ப்பார்கள். இரண்டு ஹலோஜனும் சேர்ந்து இழுப்பது 110 வாட், எல்ஈடி இரண்டும் 50, 60 வாட். அந்த வித்தியாசம் பெற்றோல் செலவில் தெரியவே தெரியாது. விட்டுவிடுவோம்.

## வழி 1: பல்பைத் தொடாமல் வெளிச்சத்தைக் கூட்டுவது

பழைய காரில் வெளிச்சம் குறைந்ததற்குப் பல்ப் காரணமாக இருப்பது குறைவு. மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று ஹெட்லைட்டின் முன்கண்ணாடி. அது உண்மையில் கண்ணாடி இல்லை, பொலிகார்பனேற் பிளாஸ்டிக். வெயிலில் நிற்கும் காரில் சில வருடங்களில் மஞ்சள் பூத்துவிடும். அந்த மஞ்சள் படலம் வெளிச்சத்தைக் குறைப்பதோடு, கண்டபடி சிதறவும் வைக்கிறது. தண்ணீர் விட்டு 800, 1500, 2000 என்று படிப்படியாக மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, கொம்பவுண்ட் போட்டு மினுக்கி, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு அடிக்க வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பி வந்துவிடும். கராஜில் கொடுத்துச் செய்பவர்கள் இந்தப் பூச்சு அடித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

இரண்டு வயரிங். ஹலோஜன் பல்பின் வெளிச்சத்தை 13.2 வோல்ட்டில் வைத்துத்தான் அளக்கிறார்கள். வோல்ட் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 16 சதவீதம் விழும். பழைய சுவிட்ச், களிம்பு பிடித்த எர்த் வயர், மெல்லிய கம்பி எல்லாம் தாண்டி பல்புக்கு 12 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்றால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் வழியிலேயே போய்விட்டது. கொழும்பு மாதிரிக் கடற்கரை ஊரில், உப்புக் காற்றில், எர்த் முனைகள் சீக்கிரம் கெடும். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை எரியவைத்து, பல்பின் பின்முனையில் மீட்டரை வைத்துப் பார்க்க ஓட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிடம் போதும். எர்த் முனையைச் சுரண்டித் துடைத்து, தேவையானால் ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து நேரடியாகக் கனமான வயர் இழுத்தால், அதே பல்ப் வேறு பல்ப் போல எரியும்.

மூன்று கோணம். ஜப்பானில் ‘ஷாகென்’ என்னும் கட்டாயப் பரிசோதனையில் ஹெட்லைட்டின் பலத்தையும் திசையையும் கருவி வைத்து அளப்பார்கள். இங்கே வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வருடாவருடம் எடுக்கும் புகைப் பரிசோதனையில் அதை யாரும் பார்ப்பதில்லை. பம்பர் ஒருமுறை அடிபட்டு மறுபடி பூட்டிய காரில் கோணம் சரியாக இருந்தால் அது அதிர்ஷ்டம்.

சோதிப்பது சுலபம். அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடம் போல சமதரையும் சுவரும் உள்ள இடத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி காரை நேராக நிறுத்துங்கள். ஹெட்லைட் நடுப்பகுதி தரையிலிருந்து என்ன உயரமோ, சுவரில் அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே டேப் ஒட்டுங்கள். டிம் (எதிரில் வாகனம் வரும்போது போடும் தாழ்ந்த வெளிச்சம்) போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். வலப்பக்கம் தட்டையாகவும், இடப்பக்கம் சற்று மேலேறியும் இருக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம் அல்லவா, நடைபாதையோரம் தெரிவதற்காகத்தான் அந்த ஏற்றம்.

இந்த மூன்றையும் செய்து முடித்த பிறகு புது பல்ப் வேண்டாம் என்று பலருக்குத் தோன்றிவிடும்.

## வழி 2: நல்ல ஹலோஜன் பல்ப்

டிம்மும் ஹை பீமும் ஒரே பல்பில் சேர்ந்த எச்4 ஹலோஜன் 1971இல் வந்தது. அதன் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். பழைய பல்ப் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், நன்றாகத் தெரியும். மேலே போகவேண்டாத வெளிச்சத்தை மறைப்பது அதன் வேலை. டிம்மில் 55 வாட்டுக்கு ஏறத்தாழ 1,000 லூமனும் (லூமன் என்பது பல்ப் தரும் வெளிச்சத்தின் அளவு), ஹை பீமில் 60 வாட்டுக்கு 1,650 லூமனும் தரும். தனித்தனி பல்ப் உள்ள கார்களில் வரும் எச்7 ஒன்று 1,500 லூமன் தரும்.

பெயருள்ள நிறுவனங்களின் சாதாரண ஹலோஜன் பல நூறு மணி நேரம் எரியும். “100 சதவீதம் கூட”, “150 சதவீதம் கூட” என்று பெட்டியில் எழுதியவை இழையை இன்னும் சூடாக எரியவிட்டு, வெளிச்சத்தைச் சரியான இடத்தில் குவிக்கின்றன. தூரத்தில் பலன் தெரியும், ஆனால் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ அடிக்கடி இரவில் ஓடுபவருக்கு அது பொருந்தும். வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையில் மட்டும் ஓடுபவருக்கு வீண்செலவு.

இரண்டு வகையைத் தவிர்த்துவிடுங்கள். நீலச் சாயம் பூசிய ஹலோஜன்: பார்க்க எல்ஈடி மாதிரி இருக்கும், சாயம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அப்புறம் 100/90 வாட் பல்ப்: வயரும் ஹோல்டரும் உருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருகும்.

## வழி 3: ஹலோஜன் இருந்த இடத்தில் எல்ஈடி பல்ப்

எல்லோரும் கேட்பது இதைப் பற்றித்தான். பஞ்சிகாவத்தைக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். புறக்கோட்டையில் இன்னும் மலிவு. லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கும் மச்சான் வரும்போது ஒரு ஜோடி கொண்டுவந்து தருவதும் உண்டு.

முதலில் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்ப்போம். 20,000 லூமன் என்று போட்டிருக்கும். நல்ல எல்ஈடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் சொச்சம் தரும். இந்த பல்ப் இழுப்பது 25, 30 வாட். பெருக்கிப் பாருங்கள், ஒன்று 3,000 சொச்சத்தில் நின்றுவிடும். அதுவும் பூட்டிய முதல் நிமிடத்தில். எல்ஈடியில் ஒளிரும் சின்னத் துண்டான சிப் சூடேறச் சூடேற வெளிச்சம் இறங்கும். கடையில் மேசைமேல் எரியவைத்துக் காட்டும்போது கண் கூசுவதை நம்பி வாங்கக் கூடாது. பத்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள்.

லூமன் உண்மையாகவே கூட இருந்தாலும் பிரச்சினை தீராது. ஹலோஜன் இழை என்பது சில மில்லிமீட்டர் நீளமான, மெல்லிய, சுற்றிலும் ஒளிரும் ஒரு சுருள். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு மடிப்பும் அந்தச் சுருள் இருக்கும் புள்ளியை வைத்து வளைக்கப்பட்டது. எல்ஈடி பல்பில் சிப் இரண்டு பக்கமாக ஒட்டியிருக்கும். நடுவில் பலகையின் தடிப்பு. வெளிச்சம் புறப்படும் இடம் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே 50 மீட்டரில் அது எங்கேயோ போய் விழும். கொஞ்சம் மேலே போய் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும், கொஞ்சம் காருக்கு முன்னால் கொட்டும்.

முன்னால் கொட்டும் அந்த வெளிச்சம்தான் ஆளை ஏமாற்றுகிறது. பம்பருக்கு முன்னால் வெள்ளையாக இருந்தால் கண்மணி சுருங்கும். சுருங்கிய கண்ணுக்குத் தூரத்து இருட்டு இன்னும் இருட்டு. “நல்லாத் தெரியுது” என்று ஓட்டுபவர் உண்மையாகவே நம்புவார். 60 மீட்டரில் இருக்கும் மாடு அவருக்கு முன்னைவிடத் தாமதமாகத்தான் தெரியும். மாங்குளம் பக்கம் இரவில் ஏ9 வீதியில் ஓட்டியவர்களுக்கு இந்தப் பேச்சின் அர்த்தம் விளங்கும்.

மழை பெய்து நனைந்த தார், முன்னே அடிக்கும் வெளிச்சத்தை அப்படியே முன்பக்கமாகத் தட்டிவிடும். ஓட்டுபவருக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான், மீதி எதிரில் வருபவருக்கு. சிதறும் எல்ஈடி அந்தக் கூச்சத்தை இன்னும் கூட்டுகிறது. நானுஓயாப் பக்க மூடுபனியை மஞ்சள் வெளிச்சம் துளைத்துக்கொண்டு போகும் என்று ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பனித்துளிகள் பெரியவை, மஞ்சளையும் வெள்ளையையும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். வித்தியாசம் நம் கண்ணில். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; 6,000 கெல்வின் வெள்ளையில் நீலம் கூட. திரும்பி வரும் நீலம் அதிகமாகக் கூசும், வயது ஏறிய கண்ணுக்கு இன்னும் மோசம். 3,200 கெல்வின் அளவிலுள்ள ஹலோஜன் அந்த வகையில் கண்ணுக்கு இதம்.

மறைந்த செலவுகளையும் சொல்ல வேண்டும். எல்ஈடி சூட்டைப் பின்பக்கமாக விடுகிறது. அதற்காக வைத்த குட்டி விசிறி நின்றுபோனால் பல்பும் போகும். பின்பகுதி பெரிதாக இருப்பதால் ஹெட்லைட்டின் ரப்பர் மூடி மூடாது. சிலர் மூடியையே வெட்டிவிடுகிறார்கள், மழைக்காலம் வந்ததும் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், ரிஃப்ளெக்டர் கெடும். பல்புக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் ‘டிரைவர்’ பெட்டி மலிவானதாக இருந்தால் எப்எம் இரையும். பல்ப் எரியவில்லை என்று டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை விழும் கார்களும் உண்டு.

உருண்டை லென்ஸ் வழியாக வெளிச்சம் விடும் புரொஜெக்டர் வகை ஹெட்லைட்டில் கதை கொஞ்சம் மாறும். அங்கே ஒரு தகடு மேல்விளிம்பை வெட்டிக் கொடுப்பதால் எதிரில் வருபவருக்குத் தொல்லை குறைவு. தூரத்து வெளிச்சம் கூடுமா என்பது பல்பைப் பொறுத்தது. பல சமயம் அகலம் கூடும், நடுவில் குவியும் பலம் குறையும்.

இதற்கு நேர்மையான விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. ஒஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்ஈடி பல்புக்கு 2020இல் ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது. ஆனால் எந்தக் கார், அதில் எந்த ஹெட்லைட் என்று சோதித்துப் பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாத காருக்கு அங்கும் அனுமதி இல்லை. பிரித்தானியாவில் கார்களுக்கு வருடாவருடம் செய்யும் எம்ஓடி பரிசோதனையிலோ ஹலோஜன் ஹெட்லைட்டுக்குள் எல்ஈடி பல்ப் இருந்தால் கார் தோல்வி. மச்சான் லண்டனிலிருந்து கொண்டுவந்தார் என்பதால் அது அங்கே செல்லும் சாமான் என்று அர்த்தமில்லை.

## வழி 4: முழு ஹெட்லைட்டையே மாற்றுவது

டிம்முக்கு எல்ஈடி வைத்து வந்த முதல் தயாரிப்புக் கார் 2007இல் வெளியான லெக்ஸஸ் எல்எஸ் 600எச். அதில் சிப்பும் லென்ஸும் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடும் ஒன்றாகத் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. எல்ஈடியின் உண்மையான பலன் அப்படிச் செய்த ஹெட்லைட்டில்தான். உங்கள் காரின் அதே மாடலில் உயர்ந்த தரத்துக்கு எல்ஈடி ஹெட்லைட் வந்திருந்தால், ஜப்பானில் கழற்றிய ரீகண்டிஷன் ஜோடி பஞ்சிகாவத்தையில் அகப்படலாம். விலை கூட. பிளக் வேறாக இருக்கும், வயரிங் வேலை வரும், உள்ளே சிப் போனால் பல்ப் மாற்றுவது போல மாற்ற முடியாது.

இன்னொன்று, இருக்கும் ஹெட்லைட்டைத் திறந்து உள்ளே எல்ஈடி புரொஜெக்டர் வைத்து மறுபடி ஒட்டுவது. நன்றாகச் செய்தால் அருமையான வேலை. ஒட்டும் பசை சரியில்லை என்றால் முதல் மழையிலேயே ஆவி பிடிக்கும்.

இரண்டிலும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த சாமானில் வெளிச்சத்தின் ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். இங்கே பூட்டினால் அது எதிரில் வருபவரின் முகத்துக்கு நேராகப் போகும். இடப்பக்க ஓட்டத்துக்கான வகை என்று உறுதி செய்யாமல் காசு கொடுக்காதீர்கள். ஜப்பான் சாமானில் இந்தத் தொல்லை இல்லை, அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | தூர வெளிச்சம் | எதிரில் வருபவருக்கு | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மினுக்கி, வயர், கோணம் | நன்றாகக் கூடும் | கூச்சம் குறையும் | பூச்சை விட்டால் மறுபடி வேலை | பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் |
| நல்ல ஹலோஜன் | கூடும் | தொல்லை இல்லை | பலம் கூடிய வகைக்கு ஆயுள் குறைவு | நகரத்துக்குச் சாதாரணம், நீண்ட பயணத்துக்குப் பலம் கூடியது |
| ரிஃப்ளெக்டரில் எல்ஈடி பல்ப் | கூடினமாதிரித் தெரியும் | மிகவும் கூசும் | மூடி, தண்ணீர், எப்எம் இரைச்சல், பொலிஸ் | யாருக்கும் வேண்டாம் |
| புரொஜெக்டரில் எல்ஈடி பல்ப் | காருக்குக் கார் மாறும் | பரவாயில்லை | விசிறி, டாஷ்போர்ட் எச்சரிக்கை | சுவரில் சோதித்துப் பார்த்த பிறகு |
| முழு எல்ஈடி ஹெட்லைட் | மிக நன்று | கோணம் சரியானால் நன்று | வயரிங், பழுதானால் முழுதாக மாற்றம் | காரை நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு |

## சின்ன பல்ப்கள்

இங்கே எல்ஈடிக்கு நான் கைதூக்குவேன். நம்பர் பிளேட், காரின் உள்விளக்கு, ரிவர்ஸ் லைட் மூன்றும் நல்ல இடங்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இரவில் பின்பக்கமாக எடுப்பவருக்கு எல்ஈடி ரிவர்ஸ் லைட் பெரிய உதவி, கெமரா வைத்திருந்தால் இன்னும். இந்த இடங்களில் வரும் சின்ன டி10 வகை எல்ஈடியைப் பூட்டி எரியவில்லை என்றால் பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். அதற்கு நேர்முனை, எதிர்முனை என்று உண்டு; கழற்றித் திருப்பிச் செருகுங்கள்.

பிரேக் லைட்டில் கவனம் வேண்டும். எல்ஈடி உடனே எரியும், இழை பல்ப் முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 நொடி எடுக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது 4 மீட்டருக்கு மேல் மிச்சம். ஆனால் இரட்டை இழை பல்பில் பின்விளக்குக்கு 35 லூமன், பிரேக்குக்கு 440 லூமன் என்று பெரிய இடைவெளி இருக்கிறது. மலிவு எல்ஈடியில் அந்த இடைவெளி சுருங்கிவிடும். நீங்கள் பிரேக் பிடித்ததே பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியாது. பூட்டிய பிறகு ஒருவரை பின்னால் நிற்கவைத்து, பகல் வெயிலில் வித்தியாசம் தெரிகிறதா என்று கேளுங்கள். சிவப்பு மூடிக்குள் சிவப்பு எல்ஈடிதான் போட வேண்டும்.

சிக்னலில் எல்ஈடி போட்டால் படபடவென்று வேகமாக அடிக்கும். மின்சாரம் குறைவாகப் போவதால் பல்ப் எரிந்துபோனதாக ரிலே நினைக்கிறது. அதற்கு ரெசிஸ்டர் வைப்பார்கள். அது கொதிக்கும், பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகிவிடும். பல டொயோட்டாக்களில் இருக்கும் 8 பின் ரிலேக்கு எல்ஈடிக்கான மாற்று ரிலே கிடைக்கிறது, அதுதான் சுத்தமான வழி. அதுவும் பொருந்தாத காரில் சிக்னலை அப்படியே விட்டுவிடலாம்.

## பொலிஸும் காப்புறுதியும்

2025 தொடக்கத்தில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் கூடுதலாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியபோது பெரிய வாக்குவாதம் நடந்தது நினைவிருக்கும். கூசும் விளக்கும் அதே கண்ணில்தான் படும். விபத்து நடந்த பிறகு, தயாரிப்பாளர் கொடுத்த விளக்கை மாற்றியிருந்தீர்களா என்று காப்புறுதிக்காரர் கேட்டால் கையில் பதில் இருக்க வேண்டும். முழு ஹெட்லைட் மாற்றுபவர்கள் பூட்டும் முன்பே எழுத்தில் அறிவித்துவிடுவது நல்லது.

## ஏற்கனவே எல்ஈடி பூட்டியிருந்தால்

சுவர்ச் சோதனையை இன்று இரவே செய்யுங்கள். சிப் இரண்டும் இடமும் வலமும் பார்க்க வேண்டும். மேலும் கீழும் பார்த்தபடி பூட்டியிருந்தால், கழுத்து வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். டாஷ்போர்ட்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட குமிழ் இருந்தால், பின் இருக்கையில் ஆட்களும் டிக்கியில் சாமானும் ஏற்றி ஊருக்குப் போகும் நாளில் 1 அல்லது 2இல் வையுங்கள். கார் மூக்கைத் தூக்கும்போது விளக்கும் தூக்கும். இவ்வளவும் செய்த பிறகும் டேப் ஒட்டிய கோட்டுக்கு மேலே வெளிச்சம் சிதறினால் அந்த பல்பைக் கழற்றிவிட்டு பழைய ஹலோஜனைப் போடுங்கள். பூட்டும்போது அதன் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடியுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும்.